பக்கத்து இருக்கைக் கண்ணா, பின்னால் நிற்கும் கண்ணா? கைப்பேசித் திரையை மறைக்க எது உதவும்

கோலாலம்பூரின் செந்தூல் தீமோரில் ரயில் ஏறி, தித்திவங்சா தாண்டுவதற்குள் அம்மாவின் பயாப்சி ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. உட்கார இடம் கிடைத்திருந்தது. பிடிஎஃப்-ஐத் திறந்து, எழுத்து பொடியாக இருந்ததால் இரண்டு விரலால் பெரிதாக்கி, ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தேன். பண்டாராயா நிலையம் வந்தபோது பக்கத்தில் இருந்த ஒரு பெரியம்மா என் முழங்கையை மெல்லத் தொட்டு, "கவலப்படாத தங்கச்சி, இதெல்லாம் இப்ப குணமாயிருது. என் நாத்தனாருக்கும் இதேதான் வந்துச்சு, இப்ப நல்லா இருக்காங்க" என்றார்.

நல்ல மனசு, சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நிமிடம் வரை அந்தச் செய்தி அண்ணனுக்குத் தெரியாது, அப்பாவுக்குத் தெரியாது, அம்மாவுக்கே தெரியாது. எங்கள் வீட்டு விஷயம் வீட்டில் யாருக்கும் போய்ச் சேருவதற்கு முன்னால் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்விட்டது. மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்கி அடுத்த ரயிலுக்கு நடக்கும்போது அழுகையைவிடக் கூச்சம்தான் அதிகமாக இருந்தது.

அதற்குப் பிறகு திரையை மறைக்க என்னென்ன வழி இருக்கிறதோ அவ்வளவையும் முயன்று பார்த்துவிட்டேன், திரைமேல் ஒட்டும் இரண்டு விதக் கண்ணாடி, செட்டிங்ஸ், மடக்கு உறை, நிற்கும் இடம் என்று. யாராவது கேட்டால் இப்போது நான் சொல்வது இதுதான்: காசு செலவழிக்கும் முன் செட்டிங்ஸை மாற்றுங்கள், தினமும் உட்கார்ந்து ரயிலில் போகிறவராக இருந்தால் இரண்டு பக்கம் மறைக்கும் பிரைவசி கண்ணாடி ஒட்டுங்கள், நான்கு பக்கக் கண்ணாடி பெரும்பாலோருக்கு வேண்டாம், காடி (கார்) ஓட்டிப் பிழைப்பவர் எதையும் ஒட்டவே வேண்டாம். ஏன் என்பதற்குத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் பார்ப்பது யார் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். திரையை எட்டிப் பார்ப்பது என்றதும் நமக்கு வங்கிக் கணக்கு, பின் நம்பர், திருடன் என்றுதான் தோன்றுகிறது. ஜெர்மனியில் மியூனிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் 174 பேரிடம் இதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், பார்க்கப்பட்டவர்களின் கதையும் பார்த்தவர்களின் கதையும் சேர்த்து. பெரும்பாலும் இது நடந்தது பொதுப் போக்குவரத்தில், முன்பின் தெரியாதவர்களுக்கு இடையில், கைப்பேசித் திரையில். பார்த்தவர்களில் அநேகம் பேருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பொழுது போகவில்லை, கண் போய்விட்டது, அவ்வளவுதான். அவர்கள் கண்ணில் பட்டதும் பெரும்பாலும் குறுஞ்செய்தியும் படமும் போன்றவைதான், கடவுச்சொல் கொஞ்சம்தான். எங்கள் ரயிலுக்கு இது அப்படியே பொருந்துகிறது. அந்தப் பெரியம்மா திருட வரவில்லை, கண்ணுக்கு நேரே பெரிய எழுத்தில் ஒரு துக்கம் விரிந்து கிடந்தது, படித்துவிட்டார்.

ஆக, சும்மா மேயும் கண் வேறு, குறிபார்க்கும் கண் வேறு. சும்மா மேயும் கண்ணுக்குப் படிப்பதைக் கொஞ்சம் கஷ்டமாக்கினாலே போதும், அது வேறு பக்கம் போய்விடும். குறிபார்க்கும் கண்ணுக்கு எந்தக் கண்ணாடியும் முழு பதில் இல்லை, அதற்கு மருந்து வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு கடைக்குப் போனால் தேவையில்லாததை வாங்கிக்கொண்டு வருவோம், நான் வந்தேன்.

சரி, கண்ணாடிக்கு வருவோம். இன்றைய கைப்பேசித் திரைகள் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெளிவாகத் தெரிவதற்காகவே செய்யப்பட்டவை, 178 டிகிரி பார்வைக் கோணம் என்று விளம்பரத்தில் எழுதுகிறார்களே, அது நமக்கு வசதி, பக்கத்து இருக்கைக்காரருக்கும் அதே வசதி. பிரைவசி கண்ணாடிக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய கறுப்புத் தட்டிகள் வரிசையாக நிற்கின்றன. அலுவலக ஜன்னலில் தொங்கும் செங்குத்துத் திரைச்சீலைப் பட்டைகளை நினைத்துக்கொள்ளுங்கள், நேர் எதிரே நின்றால் இடைவெளி வழியாக வெளியே தெரியும், பக்கமாக நகர்ந்தால் பட்டை மட்டும்தான் தெரியும். இந்தத் தொழில்நுட்பத்தில் பெயர்போன 3எம் நிறுவனம் தன் மறைப்புத் தகடுகளுக்குச் சொல்லும் கணக்கு மொத்தம் 60 டிகிரி, அதாவது நடுவிலிருந்து இடம் 30, வலம் 30. கைப்பேசிக்கு விற்கும் பல கண்ணாடிகளும் கிட்டத்தட்ட இதே எண்ணைத்தான் அட்டையில் போடுகின்றன.

30 டிகிரி என்றால் எவ்வளவு என்று எனக்குப் புரியவில்லை, அதனால் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வீட்டு சோபாவில் உட்கார்ந்தேன். கைப்பேசியை முகத்திலிருந்து 35 சென்டிமீட்டரில் பிடிக்கிறேன். அந்தத் தூரத்தில் 30 டிகிரி என்பது பக்கவாட்டில் 20 சென்டிமீட்டர். தோளோடு தோள் உரச உட்கார்ந்திருக்கும் ஒருவரின் கண் என் கண்ணிலிருந்து சுமார் 45 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும், அது 50 டிகிரிக்கும் மேல். அவருக்குத் திரை கறுப்பு. இதில் கண்ணாடிக்கு முழு மதிப்பெண்.

ஆனால் நின்றுகொண்டு போகும்போது பின்னால் நிற்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கண் திரையிலிருந்து 70 சென்டிமீட்டர் பின்னால், என் தலைக்குப் பக்கத்தில் 20 சென்டிமீட்டர் தள்ளி. கணக்குப் போட்டால் 16 டிகிரிதான் வருகிறது, அதாவது கண்ணாடியின் திறந்த வாசலுக்குள் வசதியாக நிற்கிறார். நான் பார்ப்பதை அவரும் பார்க்கிறார், கொஞ்சம் தூரத்திலிருந்து. மஸ்ஜித் ஜாமெக்கில் கெலானா ஜெயா தடத்துக்குக் கீழே இறங்கும் எஸ்கலேட்டரில் இதைக் கவனித்துப் பாருங்கள். எல்லோரும் இடது பக்கமாக வரிசையாக நிற்போம், நம் பின்னால் இருப்பவர் ஒரு படி மேலே நிற்கிறார், நம் தோளுக்கு மேலாக நேராகக் கீழே திரையைப் பார்க்கும் உயரம். அந்த இடத்தில்தான் ஆளாளுக்குக் கைப்பேசியை எடுத்து வந்த செய்தியைப் படிக்கிறார்கள். பிரைவசி கண்ணாடி ஒட்டிவிட்டோம் என்ற தைரியத்தில் நானும் இரண்டு மாதம் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன், ஒருநாள் என் தோழி பின்னால் நின்று நான் தட்டச்சு செய்ததை அப்படியே வாசித்துக் காட்டும் வரை.

இன்னொன்று, கடையில் யாரும் சொல்லாதது. சாதாரண பிரைவசி கண்ணாடி இரண்டு பக்கம்தான் மறைக்கும், அதுவும் கைப்பேசியை நெட்டுக்குத்தாகப் பிடித்தால் மட்டும். படுக்கவைத்துப் பிடித்து வீடியோ பார்த்தால் உள்ளே இருக்கும் தட்டிகளும் படுத்துவிடுகின்றன, இடமும் வலமும் இருப்பவருக்குத் திரை திறந்துவிடும். வீடியோவில் ஒளிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம், ஆனால் வீடியோ ஓடும்போது மேலே வந்து விழும் செய்தியை யோசியுங்கள்.

வெளிச்சம் குறையும், இது உறுதி. தட்டிகள் நேராக வரும் ஒளியிலும் கொஞ்சத்தைத் தின்றுவிடுகின்றன. நாம் பிரகாசத்தைக் கூட்டுவோம், பேட்டரி சீக்கிரம் இறங்கும். ரயிலுக்குள் இது தொந்தரவே இல்லை. மத்தியான வெயிலில் மஸ்ஜித் இந்தியா பக்கம் நடந்துகொண்டே வழி பார்க்க முயன்றால்தான் தெரியும், நிழல் தேடி ஓரமாக ஒதுங்க வேண்டியிருந்தது. திரைக்கு அடியில் கைரேகை படிக்கும் கைப்பேசியாக இருந்தால் இன்னொரு தலைவலி. அந்த வகைகளில் பலவற்றில் விரலுக்கு அடியில் ஒளி போய்த் திரும்ப வேண்டும், சிலவற்றில் ஒலி அலை போய்த் திரும்பும், இடையில் தடித்த கண்ணாடி வந்தால் இரண்டுமே தடுமாறும். ஒட்டியபின் பழைய ரேகையை அழித்துவிட்டுப் புதிதாகப் பதிவு செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும், எனக்கு ஆனது. வாங்கும் முன் உங்கள் மாடலுக்குக் கைரேகை வேலை செய்யுமா என்று கடையிலேயே ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

மாமாக் கடையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். தே தாரிக்கும் ரொட்டி சானாயும் சாப்பிட்டுவிட்டு, கல்லாவில் இருந்த டுயிட்நவ் கியூஆர் படத்தை ஸ்கேன் செய்து பணம் கட்டி, வழக்கம்போல் திரையை லேசாகத் திருப்பிக் காட்டினேன். கல்லா அண்ணன் பார்த்துவிட்டு, "ஒண்ணும் தெரியலம்மா, போன் ஆஃப் ஆயிருச்சா?" என்றார். முழுதாக அவர் பக்கம் திருப்பி நீட்ட வேண்டியிருந்தது, பின்னால் வரிசை நின்றது. ஒரு நாளைக்கு நான்கு தடவை இது நடக்கும். பாட்டிக்கு அண்ணன் மகனின் படத்தைக் காட்டுவது, பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையோடு சேர்ந்து எதையாவது பார்ப்பது, எல்லாமே கொஞ்சம் சிரமம். கைப்பேசி நமக்கு மட்டும் சொந்தமான பொருள் என்று இருக்கிறவருக்கு இது பொருட்டே இல்லை, வீட்டில் கைமாறிக்கொண்டே இருக்கும் கைப்பேசிக்கு நிஜமான இடைஞ்சல்.

என் தம்பி கிராப் வாடகைக் காடி ஓட்டுகிறான். நான் வாங்கியதைப் பார்த்து அவனும் ஒன்று ஒட்டிக்கொண்டான், மறுநாள் மாலையே பிய்த்து எறிந்தான். காடியில் கைப்பேசி நடுவில் தாங்கியில் இருக்கும், ஓட்டுநர் அதைப் பக்கவாட்டிலிருந்துதான் பார்க்கிறார். வழி பார்க்க ஒவ்வொரு தடவையும் தலையைச் சாய்க்க வேண்டும், நெடுஞ்சாலையில் அது ஆபத்து. காடியில் வரைபடம் பார்த்து ஓட்டும் யாருக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும்.

நான்கு பக்கக் கண்ணாடி என்று ஒன்று விற்கிறார்கள், மேலும் கீழும் கூட மறைக்கும். இரண்டு பக்கக் கண்ணாடிக்கு நான் கொடுத்தது 35 வெள்ளி (ரிங்கிட்), இதற்கு 60 வெள்ளி. தட்டிகள் குறுக்கிலும் நெடுக்கிலும் இருப்பதால் வெளிச்சம் இன்னும் குறைகிறது. மேசையில் கைப்பேசியைப் படுக்கவைத்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டே எட்டிப் பார்க்க முடியாது, சாய்ந்த கோணத்தில் நமக்கே கறுப்பாகத்தான் தெரியும், கையில் எடுத்து நேராகப் பிடித்தால்தான் உண்டு. இவ்வளவுக்கும் பிறகு, தோளுக்குப் பின்னால் நிற்பவரை அது தடுக்கிறதா என்றால் இல்லை, அந்த 16 டிகிரிக் கணக்கு இதற்கும் அதேதான். நம் எதிரே நின்றுகொண்டு மேலிருந்து கீழே பார்ப்பவருக்கு இது மறைக்கும், ஆனால் அவர் பார்ப்பது தலைகீழ் எழுத்தை. அதற்காகக் கண்ணை வருத்திக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. மூன்று வாரத்தில் எடுத்துவிட்டேன். விமான நிலையங்களிலும் ஓட்டல் வரவேற்பறைகளிலும் உட்கார்ந்து, கைப்பேசியைப் படுக்கவைத்துப் பிடித்து வாடிக்கையாளர் கணக்குகளைத் திறக்க வேண்டிய வேலை சிலருக்கு இருக்கும், அவர்களுக்கு மட்டும் இது பயன்படலாம்.

இப்போது காசில்லாத வழி. இதைத்தான் நான் முதலில் செய்திருக்க வேண்டும்.

யோசித்துப் பாருங்கள், நம் திரை மற்றவர் கண்ணில் படும் நேரத்தில் பாதி நாம் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பதில்லை. மேசையில் மல்லாந்து கிடக்கிறது, அலுவலகக் கூட்டத்தில் எதிரே இருக்கிறது, கோயில் அன்னதானப் பந்தியில் இலைக்குப் பக்கத்தில் இருக்கிறது, டிங் என்று ஒளிர்கிறது, அனுப்பியவர் பெயரும் முதல் இரண்டு வரியும் சுற்றி இருக்கும் நான்கு பேருக்கும் தெரிந்துவிடுகிறது. ஐபோனில் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ், அதற்குள் ஷோ பிரிவியூஸ் என்று இருக்கும், மூன்று தேர்வுகள். 'வென் அன்லாக்டு' என்று வைத்தால் பூட்டியிருக்கும்போது உள்ளடக்கம் தெரியாது, ஆனால் நம் முகத்தைப் பார்த்ததும் திறந்துகொண்டு காட்டிவிடும், பக்கத்தில் இருப்பவரும் அப்போது பார்க்கலாம். 'நெவர்' என்று வைத்தால் கைப்பேசியைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போது மேலே வந்து விழும் பட்டையிலும் செய்தி தெரியாது. நான் 'நெவர்' வைத்துப் பழகிவிட்டேன், முதல் வாரம் எரிச்சலாக இருந்தது, பிறகு செய்தி பார்க்கும் எண்ணிக்கையே குறைந்தது, அது எதிர்பாராத நன்மை.

ஆண்ட்ராய்டில் பூட்டுத்திரை அறிவிப்புகள் பகுதியில் அந்தரங்க உள்ளடக்கத்தை மறைக்கும் தேர்வு இருக்கிறது, கைப்பேசிக்குக் கைப்பேசி பெயர் கொஞ்சம் மாறும். ஆனால் அது பூட்டியிருக்கும் திரைக்கு மட்டும்தான். ரயிலில் நாம் எதையோ படிக்கும்போது மேலே வந்து விழும் பட்டை தொடர்ந்து விழும். வாட்ஸ்அப்புக்குள் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதியில் 'ஹை பிரையாரிட்டி' என்பதை அணைத்தால் அந்தப் பட்டை நிற்கும். இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் வேலை முழுமை.

குறிப்பிட்ட சில உரையாடல்கள்தான் கவலை என்றால் வாட்ஸ்அப்பின் சாட் லாக் போதும், 2023 மே மாதம் வந்தது. பூட்டிய உரையாடல் தனி இடத்துக்குப் போய்விடும், செய்தி வந்தால் புதுச் செய்தி ஒன்று என்பதைத் தவிர பெயரோ உள்ளடக்கமோ தெரியாது. அம்மாவின் மருத்துவமனை உரையாடலையும் அண்ணனோடு பேசுவதையும் அதற்குள் வைத்திருக்கிறேன். செயலியையே பூட்ட வேண்டுமானால் ஐபோனில் ஐஓஎஸ் 18-இலிருந்து அந்த வசதி இருக்கிறது, சாம்சங்கில் செக்யூர் ஃபோல்டர் நெடுநாளாக உண்டு. வங்கிச் செயலிகளிலும் மின்பணப்பைகளிலும் மீதித் தொகைக்குப் பக்கத்தில் ஒரு கண் படம் இருந்தால் அதைத் தட்டி மூடி வையுங்கள், கல்லாவில் பணம் கட்டும்போது மீதி எவ்வளவு என்பதைக் கடை முழுக்கக் காட்ட வேண்டியதில்லை.

அடையாள அட்டை எண்ணைப் பற்றியும் ஒன்று. மலேசிய அடையாள அட்டையான மைகார்டின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பதில் ஆணா பெண்ணா என்பது. ஒரு பார்வையில் இவ்வளவும் போய்விடுகிறது. ஆனாலும் ரயிலில் உட்கார்ந்துகொண்டு அட்டையின் படத்தைத் திரை முழுக்க விரித்து வைத்து, அதைப் பார்த்து இன்னொரு படிவத்தில் எண்ணைத் தட்டுபவர்களை வாரத்துக்கு ஒருவரையாவது பார்க்கிறேன். எனக்கு வேண்டாமலேயே என் கண்ணில் படுகிறது. தயவுசெய்து அதை வீட்டில் செய்யுங்கள்.

குறிபார்க்கும் கண்ணைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, அது இங்கே வருகிறது. 2017-இல் அமெரிக்கக் கடற்படை அகாடமி ஆய்வாளர்களும் மேரிலாந்து பல்கலைக்கழக (பால்டிமோர் கவுண்டி) ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள், கைப்பேசியைத் திறக்கும் வீடியோவை ஒருமுறை காட்டி, அதைத் திரும்பச் செய்யச் சொன்னார்கள். புள்ளிகளை இணைத்துக் கோடு போடும் பேட்டர்னை 64 விழுக்காட்டினர் சரியாகப் பிடித்துவிட்டார்கள், ஒரே ஒரு தடவை பார்த்து. கோடு திரையில் தெரியாதபடி அணைத்து வைத்தால் அது 35 விழுக்காடாகக் குறைந்தது. ஆறு இலக்க எண்ணைப் பிடித்தவர்கள் 11 விழுக்காடு. இதைப் படித்த அன்று இரவே அப்பாவின் கைப்பேசியில் இருந்த பெரிய 'இசட்' கோட்டை எடுத்துவிட்டு ஆறு எண் வைத்துக் கொடுத்தேன். பொது இடத்தில் எண்ணையும் தட்டாமல் கைரேகையோ முகமோ வைத்துத் திறப்பது இன்னும் நல்லது, பார்ப்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை.

எண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு பிறகு கைப்பேசியைப் பறிக்கும் திருட்டு நடப்பதால்தான் ஆப்பிள் 2024 ஜனவரியில் திருட்டுப் பாதுகாப்பு வசதியைக் கொண்டுவந்தது. வீடு, அலுவலகம் போன்ற பழகிய இடத்துக்கு வெளியே முக்கியமான மாற்றங்களுக்கு முகமோ கைரேகையோ கட்டாயம், எண் மட்டும் போதாது, சிலவற்றுக்கு ஒரு மணி நேரக் காத்திருப்பும் உண்டு. ஐபோன் வைத்திருப்பவர் அது ஓடுகிறதா என்று ஒருதடவை பார்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் கணக்கிலிருந்து பணம் மோசடியாகப் போய்விட்டது என்று தெரிந்த உடனே வங்கிக்கோ தேசிய மோசடி உதவி மையத்தின் 997-க்கோ அழைக்க வேண்டும், இந்த எண்ணும் திரையில் மட்டும் இல்லாமல் மனதில் இருக்கட்டும்.

வயதானவர்களுக்குக் கணக்கு வேறு. என் அம்மாவின் கைப்பேசியில் எழுத்து அவ்வளவு பெரியது, நான்கு எழுத்தில் ஒரு வரி நிரம்பிவிடும், எதிர் இருக்கையிலிருந்து படிக்கலாம். அவருக்குப் பிரைவசி கண்ணாடி ஒட்டினேன், வெளிச்சம் போதவில்லை, கண்ணைச் சுருக்கிச் சுருக்கித் தலைவலி வந்தது. எடுத்துவிட்டு, புத்தகம் போல் மடிக்கும் உறை வாங்கிக் கொடுத்தேன், 20 வெள்ளி. மூடியைப் பாதி திறந்து பிடித்தால் ஒரு பக்கம் சுவர் மாதிரி நிற்கும், மற்ற பக்கம் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொள்வார். செய்தி வந்தாலும் மூடி மறைத்திருக்கும். அந்த உறையில் அட்டை செருக இடம் இருக்கிறது என்று மைகார்டை வைக்காதீர்கள், கைப்பேசி போனால் எல்லாம் சேர்ந்து போகும்.

டார்க் மோட் வைத்தால் மறைந்துவிடும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். மறையாது. கறுப்பில் வெள்ளை எழுத்து, அதுவும் ரயில் சுரங்கத்துக்குள் போகும்போது, பளிச்சென்று தெரியும். சுரங்கத்தில் ஜன்னல் கண்ணாடியே முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிடுகிறது, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் திரையின் பிரதிபலிப்பு எதிரே நிற்பவருக்குக் கிடைக்கும். பிரகாசத்தைக் குறைப்பதும் எழுத்தைச் சிறிதாக்குவதும்தான் உண்மையில் வேலை செய்கிறது, கண் இடம் கொடுத்தால்.

கோலாலம்பூரில் நமக்கென்று ஒரு வசதியும் இருக்கிறது. பெட்டியில் இருக்கும் நூறு பேரில் தமிழ் எழுத்து படிக்கத் தெரிந்தவர் சிலர்தான். தமிழில் தட்டச்சு செய்தால் பெரும்பாலோருக்கு அது கோலம், அதே செய்தியை ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதினால் பெயரும் பாதி அர்த்தமும் யாருக்கும் பிடிபட்டுவிடும். அந்தரங்கமான செய்திகளை நான் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், அண்ணனும் பழகிவிட்டார். ஆனால் இலக்கங்களுக்கும் படங்களுக்கும் ஆங்கிலத்தில் வரும் ரிப்போர்ட்டுக்கும் இது உதவாது, தமிழர் நிறைந்த பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் சுத்தமாக உதவாது.

உடலை வைத்து மறைப்பது எல்லாவற்றிலும் பழையது, பின்னால் நிற்கும் கண்ணுக்கு அது ஒன்றுதான் மருந்து. பெட்டியின் கோடியில் முதுகைச் சுவரில் சாய்த்து நிற்பது, எஸ்கலேட்டரில் கைப்பேசியைப் பைக்குள் போடுவது, ஓட்டலில் சுவர்ப்பக்க நாற்காலியைப் பிடிப்பது. இலவசம், ஆனால் மாலை ஆறு மணிக் கூட்டத்தில் முதுகுக்குச் சுவர் கிடைக்காது, அப்போது படிக்காமல் இருப்பதுதான் வழி.

இப்போது என்னிடம் இருப்பது: இரண்டு பக்கக் கண்ணாடி, பிரிவியூ 'நெவர்', நான்கு பூட்டிய உரையாடல்கள். கண்ணாடி உடைந்தால் திரும்பவும் அதையே ஒட்டுவேன், ஏனென்றால் தினமும் இரண்டு வேளை உட்கார்ந்து போகிறேன். நின்றுகொண்டே போகிற என் தோழி எதுவும் ஒட்டவில்லை, செட்டிங்ஸை மட்டும் மாற்றியிருக்கிறாள், அவளுக்கு அதுவே சரி. கடைக்குப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள், கூட ஒருவரை அழைத்துப் போய், மாதிரிக் கண்ணாடியைக் கையில் பிடித்து, அவரை முதலில் பக்கத்தில் நிற்கவைத்தும் பிறகு பின்னால் நிற்கவைத்தும் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் நாள் முழுக்க இருக்கும் இடம் எதுவோ அந்த இடத்துச் சோதனையில் தேறினால் வாங்குங்கள்.

அம்மாவின் அடுத்த ரிப்போர்ட் போன மாதம் வந்தது, அதே ரயிலில், சுல்தான் இஸ்மாயில் தாண்டும்போது. பூட்டிய உரையாடலில் புதுச் செய்தி ஒன்று என்று மட்டும் காட்டியது. கைப்பேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டு மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்கி, பிளாட்பாரத்துத் தூணில் முதுகைச் சாய்த்து, இரண்டு ரயில்களைப் போகவிட்டு, அங்கே நின்று படித்தேன். முதலில் அம்மாவுக்குத்தான் போன் செய்தேன்.